செய்வித்தாள்

உக்காருங்க தாயி. நாற்காலிய இங்கிட்டு இழுத்துப் போட்டுக்கங்க, அங்க வெயில் வந்துரும்.

நினைவு மலரா? அடைக்கலம் வாத்தியாருக்கா? நல்லாப் போடுங்க. செத்தவுகளுக்கு மலர் போடுறதுக்கா நாட்டுல ஆள் இல்ல? ஆனா தூம்பு வீட்டு வைரவன்கிட்ட எதுக்கு வந்தீக? அந்தாளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை என்கிட்டக் கிடைக்கும்னு எவன் சொன்னான்? டீக்கடைக்காரனா? சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பானே. சொல்லுவான்.

சரி, வந்துட்டீக. இந்தப் போனை இப்படி முன்னாடி வச்சாத்தான் பேச்சு பதியுமா? வைங்க, எனக்கென்ன பயம். அது என்ன பைக்குள்ள கருப்பாச் சுருட்டி வச்சிருக்கீக, காலண்டரா? இல்லையா? சரி, இருக்கட்டும், அப்புறம் பாப்போம்.

அந்தாளு எங்க ஹைஸ்கூலுக்குச் சரித்திர வாத்தியாரா வந்த நாள்லேருந்து எனக்குத் தெரியும். சரித்திரம்னா என்ன? பொஸ்தகத்துல இருக்கு. எந்த ராஜா எந்த வருசம் யாரை வெட்டினான்னு சொல்லிக் குடுத்துட்டு நாலரைக்கு மணி அடிச்சா வீட்டுக்குப் போகணுமா இல்லையா? இவரு சனிக்கிழமையானா சைக்கிளை எடுத்துருவாரு. கேரியர்ல ஒரு தென்னமாறு, ஒரு கேன் தண்ணி, ஒரு டப்பா நிறைய கோலமாவு. எங்க சார்னு கேட்டா, கல்லைப் பாக்கப் போறேம்பாரு. கல்லைத் தேய்ச்சுக் கழுவி, மாவைத் தடவி, எழுத்து வெள்ளையாத் தெரியவும் அதுக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்துருவாரு. கட்டின பொண்டாட்டிய ஒரு மனுசன் அப்படிப் பாத்து நான் பாக்கல. கல்லுக்குப் பவுடர் போடுற வாத்தின்னு ஊருக்குள்ள அவருக்குப் பேரு. அந்தப் பேரை வச்சது யாருன்னு கேக்குறீகளா? நான்தான்.

ஒரு நாள் மூக்கன் வீட்டுத் துவைக்கிற கல்லைத் திருப்பிப் போட்டுப் பாத்துட்டு, இது எழுநூறு வருசம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூக்கன் பொண்டாட்டி அன்னையிலேருந்து அதுல துணி துவைக்க மாட்டேன்னுட்டா. பாவம், மூக்கன் வேற கல்லுக்கு ஒரு மாசம் அலைஞ்சான். இதெல்லாம் உங்க மலர்ல வராது.

அப்படியாப்பட்ட ஆளை எம்.எல்.ஏ. ஆக்குனது நான். ஆமா தாயி, நான்தான். அப்பக் கட்சிக்குள்ள ரெண்டு கோஷ்டி, ஒருத்தனுக்கு சீட்டுக் குடுத்தா இன்னொருத்தன் கவுத்துருவான். யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒரு ஆளா வேணும்னு தேடுனாக. எனக்குத்தான் யோசனை வந்துச்சு. வாத்தியாரு ரிட்டையர் ஆகி ஆறு மாசம். தொகுதியில பாதிப் பேரு அவருகிட்ட அடி வாங்குனவன். கைச்சுத்தமான ஆளு. எங்க மூணு ஊர் ஓட்டு அப்ப என் வார்த்தையில கிடந்துச்சு. நம்ம ஏத்தி விட்ட ஆளு, நம்ம சொன்னபடி கேப்பாருன்னு நெனச்சேன். அங்கதான் என் புத்தி மட்டமாப் போச்சு.

ஜெயிச்சுப் போயி சட்டசபையில முதல் பேச்சு. மறுநாள் பேப்பர்ல மூலையில நாலு வரி வந்துச்சு. என்ன பேசியிருக்காரு தெரியுமா? எங்க தொகுதியில எழுத்து வெட்டுன கல்லையெல்லாம் உடைச்சு ரோட்டுக்கு ஜல்லி போடுறாக, அதைத் தடுக்கணும்னு. ஒரு உறுப்பினர் எந்திரிச்சு, அந்தக் கல்லுக்கெல்லாம் ஓட்டு இருக்கான்னு கேட்டாராம். 'சபையில் சிரிப்பு'ன்னு போட்டிருந்தான். அந்தச் சிரிப்பு இங்க உக்காந்திருந்த என் காதுல கேட்டுச்சு. மானம் போச்சு.

பாலம் திறக்கக் கூப்பிட்டா ரிப்பனை வெட்டுறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாலத்துக்கு அடியில பாப்பாரு. பழைய பலகைக்கல் எதையும் போட்டு மூடிட்டாகளான்னு பாக்குறாராம். கான்ட்ராக்டர் மாலையும் கையுமா வெயில்ல நிப்பான். அஞ்சு வருசம் இதே கூத்துதான். ரோடு வந்துச்சு, ஸ்கூலுக்கு நாலு ரூம் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு லேடி டாக்டர் வந்துச்சு. அதெல்லாம் இல்லைங்கல. எவன் எம்.எல்.ஏ.வா இருந்தாலும் வந்திருக்கும். அதுக்கு முன்னாடி ஏன் வரலைன்னெல்லாம் என்கிட்டக் கேக்கக் கூடாது.

இப்ப எங்க வீட்டு விசயத்துக்கு வாரேன். வரும்போது கண்மாயைப் பாத்தீகளா? கரையிலேருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணிக்குள்ள ரெண்டு கல்லுக்காலு நிக்குமே, அதுதான் தூம்பு. அடியில ஒரு துவாரம் இருக்கு, அதுக்கு ஒரு கல்மூடி. மூடியத் தூக்கினா தண்ணி கரைக்கு அடியிலேயே ஓடி வயலுக்குப் போகும். கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சதும் ஒரு நாள் குறிச்சு, ரெண்டு காலுக்கும் மாலை போட்டு, மூடியத் தூக்குவாக. அன்னைக்கு முதல் பரிவட்டம் எங்க வீட்டுக்கு. எங்க அய்யாவுக்குக் கட்டுனாக, அவுக அப்பனுக்குக் கட்டுனாக, எனக்குப் பதினெட்டு வருசம் கட்டுனாக. ஏன்னா அந்தத் தூம்பைச் செஞ்சது எங்க முன்னோரு வைரவன். கல்லுலயே எழுதியிருக்கு. அதனாலதான் எங்க வீட்டுல தலைப்பிள்ளைக்கு எப்பவும் வைரவன்தான் பேரு.

கல்லுல எழுதியிருக்குன்னா, யாரும் படிச்சதில்ல. எழுத்து தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கும். தண்ணி வத்துனாலும் அது பழைய எழுத்து, எவனுக்குப் படிக்கத் தெரியும்? எங்க வீட்டுல சொன்னாக, ஊரு நம்புச்சு. நானும் நம்பினேன் தாயி. பொய் சொல்லல, முழுசா நம்பினேன்.

வாத்தியாரு பதவிக்காலம் முடியப் போற நேரம், மழை பொய்ச்சுப் போச்சு. கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. கல்லுக்காலு ரெண்டும் அடி வரைக்கும் தெரியுது. அப்ப எங்க பங்காளி, கீழவீட்டுச் சோலையன், டீக்கடையில உக்காந்துக்கிட்டு ஒரு கேள்வி கேட்டான். கல்லுல எழுதியிருக்கு எழுதியிருக்குன்னு பரிவட்டம் கட்டிக்கிறானே, என்ன எழுதியிருக்குன்னு எவன் படிச்சான்? இதான் கேள்வி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நம்ம கையில எம்.எல்.ஏ. இருக்காரு, அந்த எம்.எல்.ஏ.வே கல்லுப் படிக்கிற ஆளு, இதை விட்டா வேற நாளு ஏதுன்னு நெனச்சேன். நோட்டீஸ் அடிச்சேன். 'தூம்பு கண்ட வைரவன் கல்வெட்டு வாசிப்பு விழா.' வறண்ட கண்மாய்க்குள்ள பந்தல், ரேடியோ செட்டு, மூணு ஊருச் சனம், எல்லாருக்கும் புளிசாதம். நான் பட்டுத்துண்டோட தூம்புக்குப் பக்கத்துல நிக்கிறேன்.

வாத்தியாரு வந்தாரு. எம்.எல்.ஏ.ன்னா காருல வரணும்ல? வந்தது கட்சிக்காரன் காருதான், ஆனா மடியில அதே கோலமாவு டப்பா. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு காலையும் கழுவி, மாவு தடவி, முட்டி போட்டு உக்காந்துட்டாரு. அரை மணி நேரம். கூட்டம் சலசலங்குது. அப்புறம் எந்திரிச்சு என் காதுகிட்ட வந்தாரு.

"வைரவன், மைக்கைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க."

"ஏன் சார்?"

"உங்க முன்னோர் பேரு இருக்கு."

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. சோலையன் எங்க நிக்கிறான்னு கண்ணு தேடுது.

"ஆனா தூம்பைச் செஞ்சது அவரு இல்ல. 'இத்தூம்பு வயிரவன் வெள்ளாட்டி நீலி செய்வித்தாள்'னு இருக்கு."

எனக்கு விளங்கல. வெள்ளாடுன்னுதான் காதுல விழுந்துச்சு. "ஆடு எதுக்கு சார் தூம்புக்குள்ள வருது?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல, அதையும் சொல்லிடுறேன்.

"வெள்ளாட்டின்னா வீட்டு வேலைக்காரி. அடிமைன்னே சொல்லலாம். உங்க முன்னோர் வீட்டுல வேலை செஞ்ச நீலிங்கிற பொம்பள இதைச் செஞ்சு வச்சிருக்கா. அவளால எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கும் தெரியல. ஆனா செஞ்சிருக்கா."

பேரைக் கேட்டீகளா? நீலி! பட்டுத்துண்டு போட்டுக்கிட்டு நான் நிக்கிறேன், மூணு ஊரு பாத்துக்கிட்டு நிக்குது, எங்க வீட்டுல பாத்திரம் கழுவுனவ பேரைச் சொல்றாரு இந்தாளு.

"சார், கடைசியில ஒரே ஒரு எழுத்துதானே சார். 'ள்'ளை 'ன்'னுன்னு படிச்சுருங்க. நடுவுல வேலைக்காரி பேச்சை விட்டுருங்க. வயிரவன் செய்வித்தான். முடிஞ்சுது."

"எழுத்து வெட்டுனவன் மாத்தி வெட்டலையே வைரவன். படிக்கிறவன் எப்படி மாத்துறது?"

"எலெக்‌ஷனுக்கு ஆறு மாசம்தான் இருக்கு. மூணு ஊரு ஓட்டு சார்."

"தெரியும்"னாரு. அம்புட்டுதான். அப்புறம், "வேணும்னா இன்னைக்கு வாசிக்காம விட்டுரலாம். உங்க விழா, நீங்க சொல்லுங்க. வாசிச்சா இருக்கிறதைத்தான் வாசிப்பேன்"னாரு.

விட்டிருக்கலாம். புளிசாதத்தைப் போட்டு அனுப்பியிருக்கலாம். அப்பப் பாத்துச் சோலையன் பின்னாடியிருந்து கத்துறான், "என்னப்பா, கல்வெட்டைக் காதுக்குள்ளயே வாசிக்கிறாக?" கூட்டம் சிரிக்குது. எனக்கு ஆத்திரம். மைக்குக்கு முன்னாடி நின்னா ஓட்டுக்குப் பயந்து மாத்திப் படிச்சுருவாருன்னு ஒரு கணக்கு. எந்த அரசியல்வாதிதான் படிக்க மாட்டான்? "படிங்க சார்"னுட்டேன். என் வாயாலதான் சொன்னேன்.

படிச்சுட்டாரு. ஒவ்வொரு வார்த்தையா, கிளாஸ்ல சொல்ற மாதிரி, அர்த்தத்தோட.

அப்புறம் நாத்து நடுற பொம்பளைக உக்காந்திருந்த பக்கம் ஒரு சிரிப்பு. அதுக்குப் பின்னாடி ஒரு குலவை. ஒண்ணு கிளம்புனா நிக்குமா? அம்புட்டுப் பொம்பளையும் குலவை போடுறாளுக. அதுல ஒரு குலவை எனக்கு ரொம்பப் பழக்கமான குரலு. திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரி வள்ளிக்கண்ணு! வீட்டுக்கு வந்து, ஏன்டி போட்டேன்னு கேட்டேன். என்னமோ வாய் தானா வந்துருச்சுங்கிறா. அதுக்கப்புறம் ஒரு வருசம், நான் எதைச் செஞ்சேன்னு பீத்திக்கிட்டாலும், "செஞ்சீகளா, செய்வித்தீகளா?"ன்னு கேப்பா. ஊருக்குள்ளயும் அதே பேச்சு. கிணறு வெட்டினான்னு ஒருத்தன் சொன்னா, அவன் பொண்டாட்டி 'வெட்டுவித்தாள்'னு சொல்றா. எளக்காரமாப் போச்சு.

எலெக்‌ஷன் வந்துச்சு. விட்டேனா? மூணு ஊரையும் ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேன். நானூத்திப் பதினோரு ஓட்டுல தோத்தாரு. எங்க ஊரு ஓட்டு விழுந்திருந்தா ஜெயிச்சிருப்பாரு, எல்லாருக்கும் தெரியும். ஒரு எழுத்துக்கு ஒரு எம்.எல்.ஏ. சீட்டு. உலகத்துல எவனாவது குடுப்பானா? அதைத் தியாகம்னு எழுதிடாதீக, பிழைக்கத் தெரியலைன்னு எழுதுங்க. மறுவாரமே சைக்கிள்ல தென்னமாறைக் கட்டிக்கிட்டு எங்க ஊரு வழியாப் போறாரு. என்னைப் பாத்து, "சௌக்கியமா வைரவன்?"ங்கிறாரு. மொகத்துல ஒரு வருத்தம் வேணும்ல? நான் ஜெயிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சித்திரையில ஒண்ணு நடந்துச்சு. எவனோ ஒருத்தன், எவன்னு யாருக்கும் தெரியாது, உச்சி வெயில்ல, கண்மாய்க்குள்ள ஆடுமாடு கூட இல்லாத நேரத்துல, உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு தூம்புக்குப் போயிருக்கான். அந்த 'ள்'ளைக் கொத்தி எடுத்துட்டா கார்த்திகையில எவன் என்ன பேச முடியும்னு அவன் நெனப்பு. நியாயமான நெனப்புதானே?

ஆனா அவனுக்குப் பழைய எழுத்து தெரியாது. ரெண்டு காலுலயும் எழுத்து இருக்கு. எந்தக் காலுல ஆரம்பிக்குது, எதுல முடியுது? எங்க ஊரு வழக்கப்படி தெக்குக் காலுதான் முதக்காலு. மாலை அதுக்குத்தான் முதல்ல, சூடம் அதுக்குத்தான் முதல்ல. அப்ப எழுத்தும் அதுல ஆரம்பிச்சு வடக்குக் காலுலதானே முடியணும்? வடக்குக் காலுல அடிவரியில முடியுதுன்னு அவன் கணக்குப் போட்டான். ஒரு எழுத்தைக் கொத்துனா சந்தேகம் வரும்னு அடிவரி முழுக்கக் கொத்திட்டான். கருங்கல்லு லேசுல கேக்குமா? உளி வழுக்கிப் பெருவிரல் நகத்தோட போச்சு. போயிருக்கும்னு சொல்றேன். என் விரலை ஏன் பாக்குறீக? இது கருது அறுக்கையில பட்டது.

எழுத்து இடமிருந்து வலமா ஓடும் தாயி. கல்லைப் பாத்து நின்னா வடக்குக் காலு இடப்பக்கம். அங்கதான் ஆரம்பம். 'இத்தூம்பு வயிரவன்'ங்கிறது வடக்குக் காலு. 'வெள்ளாட்டி நீலி செய்வித்தாள்'ங்கிறது தெக்குக் காலு. அந்த மடையன் கொத்தி எடுத்த அடிவரி என்ன வரி? எங்க முன்னோரு பேரு. வயிரவன். நீலி ஒரு கீறலும் இல்லாம அப்படியே நிக்கிறா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, வாத்தியாரு வந்து சொன்னாரு. கொத்துன சேதி கேட்டு சைக்கிள்ல வந்தவரு, வெயில்ல அந்தக் காலுக்கு முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாராம். அப்புறம் நேரா இந்த வீட்டுக்கு வந்தாரு. நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. வள்ளிக்கண்ணு மோரு குடுத்தா. என் கையில கட்டுப் போட்டிருந்துச்சு, கருது அறுத்ததுல. சித்திரையில என்ன கருதுன்னு அவரு கேக்கல. நீங்களும் கேக்காதீக.

"வைரவன், உங்க முன்னோர் பேரு கல்லுல இருந்துச்சு. இப்ப இல்ல"ன்னாரு. எந்தக் காலுல எது இருந்துச்சுன்னு விளக்கமாச் சொன்னாரு. சொல்லிட்டு, "நல்லவேளை, விழா அன்னைக்கே கல்லு மேல தாளை ஒட்டி, மையொத்திப் படி எடுத்து வச்சேன். அதுல பத்திரமா இருக்கு"ன்னு சொல்லிட்டு மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூணு ஊரு ஓட்டைக் கெடுத்தவன் எவன்னு பாத்து உள்ள போட்டிருப்பாக. சொல்லல. பின்னாடி பொஸ்தகம் போட்டாரே, அதுலயும் 'வடகால் எழுத்துகள் சிதைந்துள்ளன'ன்னு ஒரே வரி. சிதைந்துள்ளனவாம்! தானா சிதைஞ்ச மாதிரி. என்னைத் திட்டியிருந்தா நான் திருப்பித் திட்டிட்டு அதோட மறந்திருப்பேன். இருபத்தஞ்சு வருசமா அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடல, அதை எந்த மலர்ல போடுவீக?

அந்தக் கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சுச்சு. பூசாரி பரிவட்டத் துணியைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. சோலையன் சொல்றான், "கல்லுல யாரு பேரு மிச்சம் இருக்கோ அவுகளுக்குக் கட்டுங்க சாமி." தண்ணிக்குள்ள இறங்கித் தெக்குக் காலுக்குக் கட்டுனாக. இன்னைக்கு வரைக்கும் அதுக்குத்தான். வருசா வருசம் அந்தத் துணியை மஞ்சள்ல நனைச்சுக் குடுக்கிறது யாரு? எங்க வீட்டுக்காரி. இந்த வீட்டுலேருந்துதான் போகுது. வேலைக்காரிக்கு.

இப்பப் புதுசா ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. சோலையன் மகன் சொல்றானாம், கல்லுல வைரவன்கிற பேரே இருந்ததில்லையாம், நாங்க கட்டிவிட்ட கதையாம். என் பேரனுக்கும் வைரவன்தான் பேரு. ஸ்கூல்ல பயலுக கேலி பண்றானுகன்னு அழுதுக்கிட்டு வாரான். எனக்கு எழுபத்தாறு வயசு. நான் போனப்புறம் அவன் எதைக் காட்டுவான்?

அந்தச் சுருளை எடுங்க. காலண்டர் இல்லைன்னு எனக்கு வந்ததுமே தெரியும். அவரு வீட்டுப் பெட்டியில இருந்ததா? மெல்லப் பிரிங்க, ஓரம் கிழிஞ்சிரப் போகுது. வள்ளிக்கண்ணு, அந்தப் பக்கம் பிடி.

இதுவா? எல்லாம் கருப்பா இருக்கு, நடுவுல வெள்ளையா நெளியுது. எனக்கு என்ன தெரியும்? இது எந்தக் காலு, வடக்கா? அடிவரி எது? விரலை வச்சுக் காட்டுங்க தாயி. வ... யி... ர... வ... ன. அஞ்சு எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லையே? அந்தக் காலத்துல வைக்க மாட்டாகளா? சரி. இன்னொரு தடவை காட்டுங்க.

இதை மலர்ல போடுங்க. இந்த வரியை மட்டும் பெருசாப் போடுங்க. நான் சொன்னேன்னு போடாதீக, சிரிப்பானுக. அடைக்கலம் வாத்தியாரு படிச்சாருன்னு போடுங்க. ஊரு நம்பும். அந்தாளு ஒரு எழுத்தை மாத்திப் படிக்க மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்.